கைமாறும் வேலை, கைமாறாத பொறுப்பு



திருப்பூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு 'ஜாப் ஒர்க்' புதிதல்ல. ஏற்றுமதி நிறுவனம் ஆர்டர் எடுக்கிறது. கட்டிங், தையல், செக்கிங் என வேலை பல கைகளுக்குப் பிரிகிறது. கூலி பாக்கி விழுந்தாலோ, விரலில் ஊசி ஏறினாலோ யாரைக் கேட்பது என்று தொழிலாளிக்குத் தெரிவதில்லை. இன்று போர்களும் இப்படித்தான் நடத்தப்படுகின்றன.

படை முகாமில் சமையல், சலவை, லாரி ஓட்டுதல், காவல் போன்ற வேலைகளைத் தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எடுக்கின்றன. அவை துணை ஒப்பந்தக்காரர்களிடம் கொடுக்கின்றன. அவர்கள் ஏஜென்டுகள் மூலம் ஏழை நாடுகளில் ஆள் பிடிக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈராக் போருக்காக அமெரிக்கா அமர்த்தியிருந்த ஒப்பந்தப் பணியாளர்கள் சுமார் 1,90,000 பேர். அங்கிருந்த படைவீரர்களும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஈராக்கிற்குப் படை அனுப்புவதில்லை என்று இந்திய அரசு 2003 ஜூலையில் முடிவெடுத்தது. வீரர்கள் போகவில்லை, தொழிலாளர்கள் போனார்கள். 2004 ஜூலையில் குவைத் நிறுவனமொன்றின் லாரிகளை ஓட்டிய மூன்று இந்தியர்கள் ஈராக்கில் கடத்தப்பட்டு, செப்டம்பர் 1 அன்றுதான் விடுதலையாயினர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பிடிபட்ட 12 நேபாளத் தொழிலாளர்கள் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் பலரிடம் ஜோர்டானில் ஹோட்டல் வேலை என்றே சொல்லப்பட்டிருந்தது. அமெரிக்கப் படைத்தளத்தில் வேலை செய்ய அனுப்பப்பட்ட வழியில் தீவிரவாதிகள் அவர்களைப் பிடித்துக் கொன்றனர். தலைமை ஒப்பந்த நிறுவனத்தின்மீது குடும்பத்தினர் தொடுத்த வழக்கு 2014-இலும், மேல்முறையீட்டில் 2017-இலும் தள்ளுபடியானது. சம்பவம் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது என்பதே முக்கியக் காரணம்.

படைவீரர் இறந்தால் தேசமே துக்கம் காக்கிறது; போர் வேண்டாம் என்ற குரலும் எழுகிறது. ஒப்பந்தத் தொழிலாளி இறந்தால் அவர் வீடு மட்டுமே அழுகிறது. இதனால் போரின் உண்மையான விலை மக்கள் கண்ணுக்கு மறைந்துபோகிறது.

ஒப்பந்தம் போட்டுவிட்டதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது என்று 2008 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரில் 17 நாடுகள் ஓர் ஆவணத்தை ஏற்றன. அது நல்ல தொடக்கம்; ஆனால் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. 2024-இலும் உதவியாளர் வேலை என்று நம்பி ரஷ்யா சென்ற இந்திய இளைஞர்கள் போர்முனையில் நிறுத்தப்பட்டதை அறிவோம்.

ஆகவே, வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் நம் பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேட்போம்: ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா? சம்பளம் கொடுப்பவர் யார்? வேலை எந்த இடத்தில்? வேலை எத்தனை கைமாறினாலும் மனித உயிருக்கான பொறுப்பை எவரும் கைகழுவ முடியாது. படைத்தளத்திற்கு இது பொருந்துமானால், நம் பனியன் கம்பெனிக்கும் பொருந்தும். நமக்காக உழைப்பவரின் பெயரை அறிந்து, அவர் நலனுக்குப் பொறுப்பேற்போம்.