செந்நிறச் சூரியகாந்தி

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியிலே வழியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் காட்டுச் சூரியகாந்தி தானே முளைத்துத் தழைக்கும். அதன் மலர் மஞ்சள் நிறத்தது. (விளிம்பில் இதழெனத் தோன்றுவது ஒவ்வொன்றும் உண்மையில் தனியொரு சிறு மலரே, வழக்கம் பற்றி இதழ் என்பர்.)

1910ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில், வில்மாட்டே காக்கரெல் என்னும் அம்மையார் தம் இல்லத்தின் அருகே சாலையோரத்தில் ஒரு சூரியகாந்திச் செடியைக் கண்டார். ஏனையவற்றைப் போலன்றி அதன் இதழ்களில் செந்நிறம் தோய்ந்திருந்தது. அதனைப் பெயர்த்துத் தம் தோட்டத்தில் நட்டார்.

அந்நிறம் அச்செடியோடு அழியாமற் காப்பது எங்ஙனம்? சூரியகாந்தி ஓராண்டே வாழ்வது. காட்டுச் சூரியகாந்தியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்று வித்து ஈனுவதன்று. துணையாதற்குச் செந்நிறச் செடி வேறொன்றும் இல்லை. எனவே மஞ்சள் மலர்களோடு கலப்பதன்றி வழியில்லை. கலந்தால் சிவப்பு மங்கி மறையுமோ எனின், மறையவில்லை. பிறந்த செடிகளுள் ஏறத்தாழப் பாதி செந்நிறமாகவே பூத்தன. மற்றவை மஞ்சளாகவே பூத்தன.

இதன் காரணத்தை மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சி விளக்கும். ஒரு பண்புக்குரிய மரபணுக்கள் இரண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வருவன. சிவப்புக்குரியது ஒன்றிருப்பினும் மலர் சிவக்கும். முதற்செடியில் அஃது ஒன்றே இருந்தமையால், வழித்தோன்றல்களுள் பாதிக்கே அது கிட்டியது.

அம்மையார் இதனோடு அமையவில்லை. செந்நிறச் செடியை வெளிர்மஞ்சள் மலருடைய தோட்டச் சூரியகாந்தியோடு கலந்தார். முதல் தலைமுறையில் புதுமை ஒன்றும் இல்லை. அத்தலைமுறையின் செந்நிறச் செடிகளைத் தமக்குள் கலந்தபோது, கருந்திராட்சைச் சாறு போன்ற நிறமுடைய மலர்கள் தோன்றின!

புதிய நிறப்பொருள் எதுவும் அங்கே பிறக்கவில்லை. மஞ்சளைத் தருவது கரோட்டினாய்டு. சிவப்பைத் தருவது உயிரணுச் சாற்றில் கரைந்துள்ள அந்தோசயனின். மஞ்சள் துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் செம்பழுப்பாகும். வெளிறிய துணிக்கு ஏற்றினால் சிவப்பு தன்னியல்பில் விளங்கும். முன்னைய செடிகளின் செம்மை அடர்மஞ்சள்மேற் படிந்தது. இவற்றிலோ அடிநிறம் வெளிறியது. வெளிர்மஞ்சளுக்குரிய மரபணு இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி அந்நிறம் வெளிப்படாது. அதனாலேயே முதல் தலைமுறையில் அது மறைந்திருந்தது. மெண்டலின் கணக்குப்படி, இரண்டாம் தலைமுறையின் 16 செடிகளுள் 9 செம்பழுப்பும், 3 திராட்சைச் சிவப்பும், 3 மஞ்சளும், 1 வெளிர்மஞ்சளுமாகப் பூத்தல் வேண்டும்.

பின்னர்ச் செந்நிறச் சூரியகாந்தி வித்துகள் வணிகர் வாயிலாகக் கடல் கடந்தும் சென்றன. இன்று தோட்டங்களிற் பூக்கும் செந்நிற வகைகள் பல அந்தச் சாலையோரச் செடியின் வழிவந்தன எனக் கருதப்படுகின்றன.