இரு சொற்களை இடம் மாற்றுதல்

கோட்டக்குப்பத்துக்கு வடக்கே உப்பளங்கள் பரந்த மரக்காணம். தெற்கே அடுத்தாற்போல் புதுச்சேரி. இக்கடற்கரைச் சாலையில் வழிகாட்டுவதற்கு உங்களில் ஒருவர் கணிப்பொறி நிரல் எழுதுகிறார் என்று கொள்வோம். எழுதி முடித்தபின், வடக்கு என்று வரவேண்டிய இடமெல்லாம் தெற்கு என்றும், தெற்கின் இடமெல்லாம் வடக்கு என்றும் எழுதிவிட்டது தெரிகிறது. திருத்த வேண்டியவை நானூறு இடங்கள்!

உரைத்தொகுப்பியில் ஒரு சொல்லைத் தேடி, அதனிடத்தில் வேறொன்றை வைக்கும் வசதி உண்டு. முதலில் 'தெற்கு' யாவற்றையும் 'வடக்கு' ஆக்குகிறார். பிறகு 'வடக்கு' யாவற்றையும் 'தெற்கு' ஆக்குகிறார். விளைவு? நிரலில் வடக்கு என்னும் திசையே இல்லை. முதற் கட்டளையிலேயே பழைய வடக்கும் புதிய வடக்கும் கலந்துவிட்டன. எது எதுவென்று பிரித்தறிய அடையாளம் எஞ்சவில்லை. உப்புநீர்க் குடத்தையும் நன்னீர்க் குடத்தையும் மாற்றி நிரப்ப மூன்றாவது குடம் வேண்டுமல்லவா?

நிரலில் எங்குமே வராத ஒரு சொல்தான் அம்மூன்றாவது குடம். 'க்ஷக்ஷக்ஷ' என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கை அதுவாக்கி, வடக்கைத் தெற்காக்கி, இறுதியில் அதை வடக்காக்கலாம். அச்சொல் முன்னரே நிரலில் இல்லை என்பதை மட்டும் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனினும் செவ்விய வழி, ஒரே நடையில் இரண்டையும் மாற்றுவது. ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் கையேட்டில் இதற்கென்றே ஓர் எடுத்துக்காட்டு உள்ளது. எக்ஸ், ஒய் இரண்டில் ஒன்று எதிர்ப்பட்டால் நிற்க வேண்டும். எதிர்ப்பட்டது எக்ஸ் எனில் ஒய்யும், அன்றேல் எக்ஸும் வைக்கவேண்டும். ஒவ்வோர் இடமும் ஒரே முறை தொடப்படுவதால் கலப்புக்கு வழியில்லை.

தமிழில் மற்றொரு சிக்கல் உண்டு. ஆங்கிலக் கையேடுகள் இதைச் சொல்லமாட்டா. 'வடக்கு' என்று தேடினால் 'வடக்கே' அகப்படாது. ஒருங்குறி முறையில் ககரம் தனி, உகரக் குறி தனி. 'வடக்கே' என்பதில் அவ்விடத்தில் ஏகாரக் குறி நிற்கிறது. ஆகவே பாதி மாறும், பாதி மாறாது. இயந்திரமோ பிழையென்று சொல்லாது. மரக்காணம் போகவேண்டியவர் புதுச்சேரியில் நிற்பார். இறுதிக் குறியை நீக்கி 'வடக்க', 'தெற்க' என்ற பகுதிகளை மட்டும் இடம் மாற்றினால் வடக்கே, தெற்கில், வடக்கிலிருந்து எல்லாம் ஒருங்கே திருந்தும். அப்போதும் 'வடகிழக்கு', 'தென்மேற்கு' ஆகியவை தப்பிவிடும். இங்கே கரை நேர்வடக்காகச் செல்லாமல் சற்றே வடகிழக்காகச் சாய்ந்து செல்வதால், அச்சொற்களையும் தனியே தேடித் திருத்தவேண்டியிருக்கும்.