வானம் பார்த்தவர்கள் – 11: ஒத்திகை நாட்கள்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குத் திருவிழாக் கூட்டத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசியில் வரதருக்குப் பத்து நாள் பிரம்மோற்சவம். மூன்றாம் நாள் கருட சேவைக்கு ஊரே திரளும், வெளியூரும் திரளும். பெருமாளை நின்று நிதானமாகச் சேவிக்க நினைக்கிற உள்ளூர்க்காரர்கள் வேறொரு நாளில் போய்விட்டு வருவார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

வான் சாகசத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் 2024 அக்டோபரில் மெரினாவுக்குப் போனவர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லவில்லை.

இந்திய விமானப்படை தொடங்கியது 1932 அக்டோபர் 8. அதன் ஆண்டு விழா பல காலம் டெல்லி பக்கத்து ஹிண்டன் தளத்திலேயே நடந்துவந்தது. 2022-ல் சண்டிகருக்குப் போனது, 2023-ல் பிரயாக்ராஜுக்கு, 2024-ல் நம் பக்கம் திரும்பியது. அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் 72 விமானங்கள். சென்னையில் இப்படி ஒரு நிகழ்ச்சி நடப்பது 21 ஆண்டுகளுக்குப் பிறகு. இந்தத் தேதி எல்லோருக்கும் மனப்பாடம். அதற்கு முந்தைய நாட்களில் இதே விமானங்கள் இதே கடலுக்கு மேல் ஒத்திகை பார்த்ததும், வெள்ளிக்கிழமை 4-ம் தேதி இறுதி ஒத்திகை என்று முழு நிகழ்ச்சியும் நடந்ததும் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்குச் சொன்னது சார்ஜென்ட் மாமா. செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில் வீடு. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சூர்ய கிரண் சாகசக் குழு முன்பு ஓட்டிய கிரண் விமானங்களில் கைவைத்து வேலை பார்த்தவர். அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்புகிற பி-8ஐ விமானம் எங்கள் பக்கம் வந்தால், அண்ணாந்து பார்க்காமலே “நேவிக்காரன்” என்பார்.

“ஞாயித்துக்கிழமை போயி மண்டையப் பாக்கப் போறியா, விமானத்தப் பாக்கப் போறியா?” என்றார்.

“லீவு கிடைக்கணுமே மாமா.”

“பத்து நாள் காய்ச்சல்னா எடுக்க மாட்டியா? வெள்ளிக்கிழமை கிளம்புப்பா.”

வெள்ளிக்கிழமை கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே, தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி உட்கார இடம் கிடைத்தது. உட்கார! இதை அழுத்திச் சொல்கிறேன். வழக்கமான கடற்கரைக் கூட்டம், அதோடு நீளமான லென்சும் மடக்கு நாற்காலியும் கொண்டுவந்த என்னைப் போன்ற பைத்தியங்கள், சீருடையில் சில பள்ளிப் பிள்ளைகள். பக்கத்தில் ஒரு மீனவர் வலையைப் பிரித்துப்போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். ரஃபேல் போனபோதும் அவர் நிமிரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒன்றை அந்தப் பிள்ளைகளும் செய்தார்கள். சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்பினார்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 250 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கிற விமானத்தின் சத்தம் நம்மிடம் வந்துசேர ஏறக்குறைய மூன்று நொடி. அதற்குள் அது முக்கால் கிலோமீட்டர் முன்னே போய்விடும். சத்தத்துக்கு முன்னால், வெறும் வானத்தைத் தேட வேண்டும். இரண்டு மூன்று விமானங்கள் தவறிப்போன பிறகு ஒரு பெண் இதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். “முன்னாடி பாருங்கடி, முன்னாடி!” என்று மற்றவர்களுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரே நிகழ்ச்சியை இன்னொரு முறை பார்க்கிறவர்களுக்குக் கிடைக்கிற லாபமும் இதுதான். முதல் தடவை காது பார்க்கும்; அடுத்த தடவைதான் கண் பார்க்கும்.

மெரினாவில் ஓடுதளம் கிடையாது. ஏறுவதும் இறங்குவதும் தாம்பரம், தஞ்சாவூர், சூலூர் என்று எங்கெங்கோ. எல்லாம் கடற்கரைக்கு மேலே குறித்த நொடியில் வந்து நிற்க வேண்டும். நிற்க என்றா சொன்னேன், கடக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டகோட்டாவும் ஹார்வர்டும் மணிக்கு 250 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து வரும். அவற்றின் பின்னால் வருகிற போர் விமானத்துக்கு அதைப் போல மூன்று மடங்கு வேகம். முன்னது கடந்து முடிக்கும்வரை பின்னது எங்கோ கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வட்டமடித்துக்கொண்டிருக்கும். ஒத்திகையில் நான் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்த்தேன். ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் சில இடங்களில் வானம் நீண்ட நேரம் காலியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை அதே இடங்களில் அந்த இடைவெளி சுருங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவே யாரோ உட்கார்ந்து நொடிகளைத் திருத்தியிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் தெரிந்தபோது வந்த சந்தோஷத்தை, ஒரே ஒரு நாள் மட்டும் வந்தவருக்கு எப்படி விளக்குவது?

கடற்கரைக் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. ஈரம் மிகுந்த காற்றில் ரஃபேல் கூர்மையாகத் திரும்பும்போது இறக்கையின் மேல் அழுத்தம் சட்டென்று குறையும், காற்று குளிரும், ஈரம் வெள்ளைப் புகையாகத் திரளும். ஒரு கணம் இறக்கை முழுக்கப் பஞ்சு. திருப்பம் முடிந்ததும் காணாமல் போகும். மெரினாவின் வியர்வையைத் திட்டாத ஒரே கூட்டம் எங்கள் கூட்டமாகத்தான் இருக்கும்.

மீனவர் கடைசியில் நிமிர்ந்தது சாரங் குழுவுக்குத்தான். சூலூரைச் சேர்ந்த, மயில் வரைந்த சிவப்பு துருவ் ஹெலிகாப்டர்கள். பெரிய வேகம் இல்லை. ஒன்றையொன்று எதிர்கொண்டு வந்து கடைசி நேரத்தில் விலகின. “எதிர்க்க வர்ற படகுக்கு இப்டி வளைஞ்சு குடுத்தா ஏது சண்டை” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

சூர்ய கிரண் பற்றி மாமாவிடம் பேசினால் பொழுது போதாது. 1996-ல் பீதரில் தொடங்கிய குழு. 2011-ல் நிறுத்தப்பட்டு, 2015-ல் ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தது. ஒன்பது விமானங்கள், இறக்கை நுனிகளுக்கு இடையே ஐந்து மீட்டருக்கும் குறைவு. ஓரத்தில் பறப்பவர் வானத்தையும் பார்ப்பதில்லை, கடலையும் பார்ப்பதில்லை. தலைவரின் விமானத்தில் குறித்துவைத்த ஓரிரு புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாம் கரையிலிருந்து பார்க்கிற அம்பும் வைரமும் உள்ளே இருப்பவர் கண்ணில் படவே படாது.

இனி ஞாயிற்றுக்கிழமை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரிவாகச் சொல்ல மனம் வரவில்லை. பதினைந்து லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். நிகழ்ச்சி காலை 11 மணி முதல் 1 மணி வரை. அக்டோபரில் சென்னையில் சூரியன் உச்சியைத் தொடுவது ஏறக்குறைய 12 மணிக்கு. அதாவது நிழல் காலடிக்குள் சுருண்டிருக்கிற சரியான இரண்டு மணி நேரம். முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அந்த ஆண்டு பாதை வேலை காரணமாகப் பறக்கும் ரயில் பீச் ஸ்டேஷன் வரை ஓடவில்லை, சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது. வேளச்சேரி ரயில் நிலையத்தில் மூச்சுவிட இடமில்லை. அன்று வெயிலிலும் நெரிசலிலும் பாதிக்கப்பட்டவர்களில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். முதலமைச்சர் அந்தக் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் அறிவித்தார். தண்ணீர் போதுமா, ஆம்புலன்ஸ் போதுமா என்று வாரக்கணக்கில் வாதம் நடந்தது.

அந்த வாதத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். நிகழ்ச்சி பல நாள் நடந்ததே, அழைப்பு மட்டும் ஏன் ஒரே நாளுக்கு? வெள்ளிக்கிழமை இறுதி ஒத்திகைக்கும் மக்களை இதே ஆர்ப்பாட்டத்தோடு கூப்பிட்டிருந்தால், குறைந்தது சில லட்சம் பேர் அன்றே பார்த்து முடித்திருப்பார்கள். வேலை நாளில் யார் வருவார்கள் என்று கேட்கலாம். எங்கள் ஊர் நெசவாளிக்கு ஞாயிறு லீவு கிடையாது, அமாவாசைதான் லீவு. கூலி புடவைக் கணக்கு. தீபாவளி ஆர்டர் நெருக்குகிற அந்த மாதத்தில் தறியைவிட்டு எழுந்தால் எந்தக் கிழமையானாலும் ஒரே நஷ்டம்தான். அவர்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் ஒன்று. ஆனாலும் எங்கள் தெருவிலிருந்து வேன் பிடித்துப் போனவர்கள் ஞாயிறன்றுதான் போனார்கள், ஏனென்றால் வெள்ளி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நேரத்தையும் கேட்கலாம். மாலை 3 மணிக்குமேல் வைத்தால் வெயில் பார்வையாளரின் முதுகுப் பக்கம், நகரத்தின் மேல் இருக்கும்; கடல் பக்கம் விமானம் பளிச்சென்று தெரியும்; படம் எடுப்பவர்களுக்கும் கொண்டாட்டம். மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. “அக்டோபர்ல சாயங்காலம் இடி மழைன்னா எழுபத்திரெண்டையும் எங்கப்பா எறக்குவ?” என்றார். நியாயம்தான். அப்படியானால் காலை 8 மணிக்கு வையுங்கள் என்றேன். விடியற்காலை முதல் ரயிலில் கூட்டம் வர முடியுமா என்றார். அன்று எட்டு மணிக்கெல்லாம் மணலில் உட்கார்ந்துவிட்டவர்கள் ஏராளம், அவர்கள் மூன்று மணி நேரம் வெயிலில் காத்திருந்ததுதான் மிச்சம் என்றேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை, காபி வந்துவிட்டது.

தொடக்கத்திலிருந்தே பல நாள் என்று அறிவித்து, நாளுக்கு இன்னார் என்று பிரித்து, சீட்டுக் கொடுத்து நடத்துகிற இடம் ஒன்று நமக்கு ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தின் ஏரோ இந்தியா. 2025-ல் பிப்ரவரி 10 முதல் 14 வரை. முதல் மூன்று நாள் வியாபாரத்துக்கு, கடைசி இரண்டு நாள் பொதுமக்களுக்கு. ரஷ்யாவின் சுகோய்-57-ம் அமெரிக்காவின் எஃப்-35-ம் ஒரே தளத்துக்கு வந்திருந்தன. அங்கேயும் நான் ஒரு சண்டை வைத்திருக்கிறேன், சீட்டு விலையைப் பற்றி. அது அடுத்த வாரம்.

(தொடரும்)