முற்றத்துப் பழங்களில் ஒரு கிண்ணம்

வவுனியாப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதர் கூட்டம் முடிந்ததும் ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். முற்றத்தில் அணில் கோதிய பப்பாப்பழம் கிடந்தது. வேலியோரம் கொய்யாப்பழங்கள் உதிர்ந்து அழுகிக்கொண்டிருந்தன. எனக்கு வந்ததோ கடையில் வாங்கிய போத்தல் சோடா. விருந்தாளிக்குச் சோடா கொடுப்பதே மரியாதை என்று பழகிவிட்டோம். 2016ஆம் ஆண்டு நம் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிறக்குறி கொண்டுவந்தார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அதை யார் பார்த்து வாங்குகிறோம்?

புறூட் சலட் என்றால் அப்பிளும் திராட்சையும் ரின் பழமும் வேண்டும் என்று பல சகோதரிகள் நினைக்கிறார்கள். அவை ஒன்றும் தேவையில்லை. ஆறு பேருக்கு அரைவாசிப் பப்பாப்பழம், அரை அன்னாசி, ஒரு மாம்பழம், இரண்டு கொய்யா, நான்கு கதலி வாழைப்பழம், இரண்டு கொடித்தோடம்பழம், ஒரு தேசிக்காய் போதும். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் கிடைத்தால் வேறு எதுவும் கேட்க வேண்டாம்.

தோல் சீவுமுன் பழங்களைக் கழுவுங்கள்; தோலில் உள்ள அழுக்கைக் கத்திதான் உள்ளே கொண்டுபோகிறது. அன்னாசியை முதலில் வெட்டி, ஒரு சிட்டிகை உப்புத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். அந்தச் சாறே மற்றப் பழங்களுக்குப் பாணியாகிவிடும். வாழைப்பழத்தைக் கடைசியில் வெட்டி, உடனே தேசிப்புளி விட்டால் கறுக்காது. மேலே கொடித்தோடையை விதையோடு வழித்துப் போடுங்கள். அந்த வாசனைக்குச் சீனி தேவைப்படாது. குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் முழுப் பழங்களை மண்பானைத் தண்ணீரில் போட்டு வைத்து, சாப்பிடும் நேரத்தில் வெட்டினால் நல்ல குளிர்ச்சி. வெட்டிய பழத்தை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கஸ்டர்ட் ஊற்ற விரும்புகிறவர்களுக்கு என் அனுபவம் ஒன்று. ஒரு நிகழ்வுக்காக முதல் நாளிரவே பச்சை அன்னாசியோடு கஸ்டர்ட் கலந்து வைத்தேன். காலையில் நீர்த்துப்போய், வாயில் வைக்க முடியாத கசப்பு. அன்னாசியில் உள்ள நொதியம் பாலின் புரதத்தை உடைத்துவிடுகிறது. அன்னாசியைச் சில நிமிடம் அவித்து ஆறவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கொய்யாவில் தோடம்பழத்தைவிட விற்றமின் சி அதிகம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கிறது. ஆகவே மதியச் சோற்றுக்குப் பின் தேநீரைத் தள்ளிவைத்து இதைச் சாப்பிடலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு கிண்ணம்தான்; பாணி, ரின்பால் கூடாது.

இரத்தச்சோகை பெரும்பாலும் பெண்களுக்குத்தான். பழம் வெட்டும் அம்மாவுக்கோ மாங்கொட்டையும் அன்னாசித் தண்டும்தான் மிஞ்சுகின்றன. மறுமுறை அந்த வீட்டுக்குப் போனபோது முற்றத்துப் பழங்களையே நாங்கள் சேர்ந்து வெட்டினோம். அந்த அம்மா ஐந்து கிண்ணம் எடுத்து வைத்தார். வீட்டில் ஐந்து பேர், என்னோடு ஆறு. "எனக்கு வேண்டாம் பிள்ளை, கொட்டையைச் சூப்பினால் போதும்" என்றார். ஆறாவது கிண்ணத்தை நானே எடுத்து, முதலில் அதை நிரப்பி அவர் கையில் கொடுத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "அன்னாசி கொஞ்சம் புளிக்குது. இன்னும் ஒரு கிள்ளு உப்புப் போட்டிருக்கலாம்."