ஏட்டிலிருந்து திரைக்கு: பொன்னியின் செல்வன்



2023ஆம் ஆண்டு 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது, ஜொகூரில் நாம் பணிபுரியும் தோட்டத்திலிருந்து இரண்டு வேன்களில் பட்டணத்துக்குப் போய் அதைப் பார்த்து வந்தோம். திரும்பும் வழியில் நம்முடன் வந்த பாட்டியார் ஒருவர், "படம் நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே, ஆனா மணிமேகலையைக் காணோமே?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பேரன், "யாரு பாட்டி மணிமேகலை?" என்றான். பாட்டியார் சொல்லத் தொடங்கினார். தோட்டத்து வாயில் வந்தும் அவர் பாதிக்கதையைத் தாண்டவில்லை.

அந்தப் பாட்டியார் கதையைப் படித்தவர் அல்லர், கேட்டவர். பால்மரம் சீவிவிட்டு வந்த தகப்பனார், மாலையில் லயத்து வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பாராம். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்களாம். பேரனோ படத்தை மட்டுமே அறிந்தவன். அரண்மனைத் தமிழ் புரியாத இடங்களில் திரையின் அடியில் ஓடிய மலாய் வரிகளைப் படித்துக்கொண்டானாம். ஒரே கதை இவ்விருவருக்கும் இரண்டு கதைகளாகிவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்பதைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

அமரர் கல்கி இக்கதையைத் தம் 'கல்கி' வார இதழில் 1950 முதல் 1954 வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், தொடராக எழுதினார். மணியம் அவர்கள் படம் வரைந்தார். கதை ஐந்து பாகங்கள் கொண்டது. பதிப்புக்குப் பதிப்புப் பக்கங்கள் மாறினும் பொதுவாக 2,000 பக்கங்களுக்குக் குறைவதில்லை. இதில் வரும் அருள்மொழிவர்மன்தான் பின்னாளில் இராஜராஜ சோழன். அவர் மகன் இராஜேந்திரனே 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது, அதாவது நம் நாட்டுக் கெடாவின் மீது, கப்பற்படை அனுப்பியவன். வந்தியத்தேவன் பெயரும் தஞ்சைக் கல்வெட்டில் உண்டு. ஆனால் நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். சரித்திரம் கால் பங்கு, கற்பனை முக்கால் பங்கு என்று சொன்னால் மிகையாகாது.

கல்கியின் கதைகள் திரைக்கு வந்தது புதிதன்று. 'தியாகபூமி' 1939லேயே படமாயிற்று. அக்கதை 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வந்தபோதே, படத்தில் நடித்தவர்களின் புகைப்படங்களும் உடன் வெளியாயின. 'கள்வனின் காதலி' 1955லும் 'பார்த்திபன் கனவு' 1960லும் படங்களாயின. பொன்னியின் செல்வன் மட்டும் எவர் கைக்கும் எளிதில் அடங்கவில்லை. எம்.ஜி.ஆர். 1958ல் உரிமை பெற்று, படம் எடுப்பதாக அறிவித்தார். பிற்காலத்தில் பெயர்பெற்ற இயக்குநரான மகேந்திரன் இளைஞராக இருந்தபோது அதற்குத் திரைக்கதை எழுத அமர்த்தப்பட்டார். படம் உருவாகவில்லை. மணிரத்னம் அவர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்று கைவிட்டவரே. 1999ல் சென்னையில் 'மேஜிக் லாண்டர்ன்' குழுவினர் இதை மேடை நாடகமாக்கினர். அந்நாடகத்தை எழுதிய குமரவேல், பின்னர் ஜெயமோகனோடும் மணிரத்னத்தோடும் சேர்ந்து படத்தின் திரைக்கதையையும் எழுதினார். படப்பிடிப்பு 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கியது. இடையே கொரோனாத் தொற்று வந்து வேலையை நிறுத்தியது. முதல் பாகம் 30.9.2022லும் இரண்டாம் பாகம் 28.4.2023லும் திரைக்கு வந்தன.

இனி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமே. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்க இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 பக்கத்துக்கு 4,000 நிமிடம். அதாவது 66 மணி நேரத்துக்கு மேல். படத்தின் இரண்டு பாகங்களும் சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம்தான். பன்னிரண்டு மரக்கால் நெல்லை ஒரு மரக்காலில் அளந்து கொடு என்றால் யாரால் முடியும்? பதினொரு பங்கை வெளியே விட்டுத்தான் ஆகவேண்டும். எதை விடுவது என்பதில்தான் திரைக்கதை எழுதுபவரின் திறமையும் தைரியமும் இருக்கின்றன.

மணிமேகலையையே எடுத்துக்கொள்வோம். கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் அவள், கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன்மேல் மனம் வைத்தவள். ஆதித்த கரிகாலன் இறந்துபட்ட இரவில், வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். கல்கி நாவலை முடிப்பதே அவளுடைய மரணத்தில்தான். அப்படிப்பட்டவளைப் படத்தில் அடியோடு எடுத்துவிட்டார்கள். காரணம் தெரிந்ததே. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் உள்ள அன்பைக் காட்டவே நேரம் போதாதபோது, ஒருதலையாக அன்பு வைத்த இன்னொரு பெண்ணைப் பார்ப்பவர் மனத்தில் நிறுத்த இன்னும் ஒரு மணி நேரமாவது வேண்டும். அரைகுறையாகக் காட்டுவதைவிட விட்டுவிடுவது மேல் என்று எண்ணியிருக்கலாம். பாட்டியார் ஒப்புக்கொள்ளமாட்டார், நாம் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் நம் மனம் ஒப்பாத இடம் வேறொன்று உண்டு. நாவலில், தாயோடு சேர்ந்து கோயிலுக்குப் பூத்தொடுக்கும் சேந்தன் அமுதன்தான் உண்மையான உத்தம சோழன் என்பது கடைசியில் வெளிப்படுகிறது. அவனுக்கே முடிசூட்டப்படுகிறது. படத்திலோ அருள்மொழிவர்மன் முதலிலிருந்து நாம் பார்த்த மதுராந்தகனுக்கே முடியைக் கொடுத்துவிடுகிறார். குழந்தைகள் மாறிய கதையை விளக்க நேரமில்லை என்பது உண்மைதான். சரித்திரத்துக்கும் குறைவில்லை, இராஜராஜனுக்கு முன் ஆண்டவர் உத்தம சோழர்தான். ஆயினும், கூடையும் கையுமாகப் பூப்பறித்தவன் அரியணை ஏறுவதைக் கேட்டுத் தோட்டத்து ஜனங்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! பிறப்பால் அவனும் அரச குலமே என்பது வேறு விஷயம். லயத்து வாசலில் கேட்டவர்களுக்கு அவன் தங்களில் ஒருவன்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏட்டில் ஆசிரியர் நம்மோடு பேசிக்கொண்டே வருகிறார். கதையை நிறுத்தி, அந்தக் காலத்து வீரநாராயண ஏரி எப்படி இருந்தது, யார் வெட்டியது என்றெல்லாம் சொல்வார். திரையில் அப்படி நின்று பேச முடியாது. ஆகவே தொடக்கத்தில் கமல்ஹாசன் அவர்களின் குரல் மட்டும் சிறிது நேரம் கதைசொல்லுகிறது. நாவல் ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் ஒற்றைக் குதிரைவீரனோடு நிதானமாகத் தொடங்க, படம் போர்க்களத்தோடு தொடங்குகிறது. அதே வேளையில், நந்தினியும் குந்தவையும் எதிரெதிரே நிற்கும்போது கல்கி பல வரிகளில் எழுதிய மனப்போராட்டத்தைப் படம் இரண்டு பார்வைகளில் காட்டிவிடுகிறது. புயலில் கப்பல் தத்தளிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள். அதை நம் வாசிப்பில் நாம் ஒருநாளும் செய்ததில்லை.

இந்தச் சங்கடம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. கல்கி தம் தொடரை முடித்த அதே 1954ல் இங்கிலாந்தில் டோல்கீன் என்ற பேராசிரியரின் 'லார்ட் ஆப் தி ரிங்ஸ்' என்னும் மாயக்கதை வெளிவரத் தொடங்கியது. அதைப் பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை மூன்று படங்களாக்கினார். காட்டில் பாடித் திரியும் டாம் பாம்படில் என்ற கிழவர் அவற்றில் இடம்பெறவில்லை. அந்த நாட்டுப் பாட்டிமாரும் பேரன்மாரும் அவரைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் அல்லவா?

வேனில் நடந்த பேச்சுக்குப் பின் நம் பள்ளியில் ஓர் ஏற்பாடு செய்தோம். சனிக்கிழமை மாலைகளில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நாவலின் முதல் பாகத்தை முறைவைத்துச் சத்தமாகப் படிக்கிறார்கள். பாட்டியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிறார். ஒருநாளில் நாலைந்து பக்கத்துக்கு மேல் நகர்வதில்லை. கடினமான சொல் வந்தால் பெரும்பாலும் பாட்டியாரே பொருள் சொல்கிறார். இப்போது கடம்பூர் மாளிகைக்கு வந்திருக்கிறோம். மணிமேகலைக்கு முக்கிய வேலை வரும் நான்காம் பாகம் வெகுதூரத்தில் இருக்கிறது. பாட்டியார் இரண்டு முறை முன்கூட்டியே சொல்ல முயன்றார். கதையை உடைக்கக்கூடாது என்று பேரன் தடுத்துவிட்டான்.