கிடங்கு ஊர் மாறினால் கணக்கு ஓடுமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில், திருப்பத்தூரில் வீட்டிலிருந்தபடியே ஐபிஎம் ஐ கணினிகளுக்கு ஆர்பிஜி மொழியில் புரோகிராம் எழுதுகிறேன். 1988இல் ஏஎஸ்/400 என்ற பெயரில் வந்த குடும்பம் அது. வங்கி, காப்பீடு, சரக்குக் கிடங்கு என்று வாடிக்கையாளர் கண்ணில் படாத இடங்களில் இன்றும் ஓடுகிறது. இப்போது எனக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ஒன்றுதான்: ஒரே தரவு இரண்டு ஊர்களில் இருக்கும் ஏற்பாட்டுக்குப் பழைய வணிக மென்பொருளைப் பழக்குவது.

அதன் அவசியம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்காமலே புரிய வேண்டும். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியைப் புரட்டிப் போட்டது. 2021 நவம்பரிலும் கரைபுரண்டது. அந்த ஊர் தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கும் அண்ணனிடம் பேக்கப் பற்றிக் கேட்டேன். "தினம் எடுக்கிறோம்மா" என்றார். எடுத்த ஹார்ட் டிஸ்க், தரைத்தளத்தில், சர்வர் பெட்டியின் மேலேயே இருந்தது. வெள்ளம் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வசதியுள்ள நிறுவனங்கள் இன்னொரு ஊரில் இன்னொரு கணினி வைத்து, எழுதும் ஒவ்வொன்றையும் அங்கேயும் எழுதிவிடுகின்றன. அதோடு கவலை விட்டது என்று நினைக்கிறார்கள். விடாது.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். முதன்மை மையத்துக்கும் அருகிலிருந்த துணை மையத்துக்கும் இடையிலான தொலைத்தொடர்பு இணைப்புகள் அறுந்தன. தரவு பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் இணைப்பு போனதும் முதன்மை மையத்தின் சேமிப்புக் கருவியே சர்வர்களுக்குப் பதில் தராமல் நின்றது. காலை 11.40க்கு நின்ற வர்த்தகம் பிற்பகல் 3.45க்குத்தான் தொடங்கியது. நகல் இருப்பது ஒன்று. நகலை வைத்து வேலை நடத்துவது முற்றிலும் வேறொன்று.

என் வேலை இந்த இரண்டாவது பாதியில் வருகிறது. ஐபிஎம் ஐ கணினியின் பெருமையே, எல்லா வட்டுகளையும் ஒரே பெரிய இடமாகப் பாவிப்பதுதான். எந்தக் கோப்பு எந்த வட்டில் என்று புரோகிராமுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 2001இல் அதற்குள் தனிச் சேமிப்புப் பகுதி என்ற ஏற்பாடு வந்தது. எங்கள் பேச்சில் ஐஏஎஸ்பி. 33 முதல் 255 வரை எண் பெறும். அடுத்த ஆண்டே, கோப்புகளைத் தொகுத்து வைக்கும் டேட்டாபேஸ் நூலகங்களையும் அதில் வைக்க முடிந்தது. ஜோலார்பேட்டையில் ரயில் பெட்டியைக் கழற்றி வேறு இன்ஜினில் கோப்பதுபோல, இந்தப் பகுதியை ஒரு கணினியில் விடுவித்து இன்னொன்றில் ஏற்றலாம்.

ஆனால் எல்லாம் கூடவே வராது. பயனர் கணக்குகள், வேலைகள் காத்திருக்கும் ஜாப் க்யூக்கள் எல்லாம் அடிப்படைப் பகுதியிலேயே தங்கிவிடும். அவற்றை இரு கணினிகளிலும் ஒன்றுபோல் வைத்திருப்பது தனி வேலை. ஒரு கோப்பும் அதன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஜர்னலும் ஒரே பகுதியில் இருக்க வேண்டும். பில் ஒரு பகுதியிலும் சரக்கிருப்பு இன்னொன்றிலும் இருந்தால், இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாகக் கட்ட முடியாது. கணினியில் ஒரு வேலை (ஜாப்) தொடங்கும்போதே எந்தப் பகுதி என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பச்சைத் திரையில் சிபிஎஃப்4101 என்று வரும். கோப்பு இல்லை என்று பொருள். கோப்பு அங்கேதான் இருக்கும். அந்த வேலையின் பார்வையில் இருக்காது. ஆயிரக்கணக்கான புரோகிராம்களில் எது எங்கே தேடுகிறது என்று தோண்டுவதிலேயே மாதங்கள் போகும். இந்த உழைப்புக்கு யாரும் முன்கூட்டியே பணம் ஒதுக்குவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தூரமும் கணக்கில் வரும். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை ரயில் பாதையில் சுமார் 215 கிலோமீட்டர். அவ்வளவு நீள இழையில் போய்வர இரண்டு மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். அற்பமாகத் தெரியும். மாதக் கடைசியில் 10 லட்சம் பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் அங்கிருந்து பதில் வரும்வரை நிற்கும் புரோகிராமில் அதுவே 36 நிமிடம் கூடுதல். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்தால் இரண்டே முக்கால் மணி நேரம். பதிலுக்குக் காத்திராமல் அனுப்பலாம். அப்போது விபத்து நேரத்தில் கடைசிச் சில விநாடிகளின் பில்கள் தொலையும். நூறு பதிவுகளைக் கட்டாக எழுதும்படி புரோகிராமைத் திருத்தினால் காத்திருப்பு கிட்டத்தட்ட நூறில் ஒன்றாகிவிடும். சேமிப்புக் கருவி விற்பவர் இதைச் செய்து தரமாட்டார்.

2021 சம்பவத்துக்குப் பிறகு, பங்குச் சந்தைகளைக் கட்டுப்படுத்தும் செபியின் விதி இறுகியது. சந்தை நிறுவனங்கள் அரை மணி நேரத்துக்குள் பேரிடர் என்று அறிவித்து, அடுத்த 45 நிமிடங்களில் மீள வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, தேசியப் பங்குச் சந்தையில் முதல் அமர்வை முதன்மை மையத்திலும் இரண்டாவதை மாற்று மையத்திலும் உண்மையான வர்த்தகமாகவே நடத்திப் பார்த்தார்கள்.

என் வாடிக்கையாளர்களிடம் நானும் அதையே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரத்தில் வேண்டாம். மாதக் கடைசி நாளில், மாற்றுக் கணினியிலேயே பில் போடுங்கள், சம்பளம் போடுங்கள், ஏற்றுமதி ஆவணம் அச்சடியுங்கள் என்கிறேன். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் ஓடுகிற, எழுதியவர் ஓய்வுபெற்றுவிட்ட புரோகிராம்கள் அன்றைக்குத்தான் வெளியே வருகின்றன. அவற்றுக்குள் எப்போதோ எழுதிவைத்த பழைய நூலகப் பெயர்களும் அன்றைக்குத்தான் கையில் சிக்குகின்றன.