மூன்று லட்ச ரூபாய் பைக்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

சாதாரண 100 சிசி பைக் ஒன்றை எல்லாச் செலவும் சேர்த்து ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய்க்கு வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம். 400 சிசி வண்டி என்றால் மூன்று லட்சம் ஆகிறது. இரண்டும் அதே அண்ணா சாலை நெரிசலில்தான் ஊர்ந்து போகப்போகின்றன. அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கும் இரண்டு லட்சத்துக்கு என்ன கிடைக்கிறது? அது எல்லாருக்கும் பயன்படுமா?

'பிரீமியம்' என்ற சொல்லை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 350 முதல் 650 சிசி வரையிலான வண்டிகளை: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹிமாலயன் 450, இன்டர்செப்டர் 650, ட்ரையம்ப் ஸ்பீட் 400, கேடிஎம் 390 டியூக், ஹார்லி எக்ஸ்440 போன்றவை. சிலவற்றின் பெயர்தான் வெளிநாட்டுப் பெயர், தயாராவதெல்லாம் இங்கேதான். ராயல் என்ஃபீல்டு ஆலைகள் சென்னையைச் சுற்றி இருக்கின்றன. ஸ்பீட் 400-ம் 390 டியூக்கும் புனே பக்கத்துச் சாக்கனில் பஜாஜ் ஆலையில் உருவாகின்றன. முழு வண்டியாக இறக்குமதி செய்தால் இந்த விலைக்கு அவற்றை நினைத்தும் பார்க்க முடியாது.

வரிக்குப் போவது எவ்வளவு?

ஷோரூமில் கொட்டேஷன் வாங்கினால் முதலில் 350 சிசி என்ற கோட்டைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதைத் தாண்டியவற்றுக்கு, செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 சதவீதமாக ஏறியது. வரிக்கு முன் இரண்டு லட்ச ரூபாய் அடக்கம் உள்ள வண்டி என்று வைத்துக்கொண்டால், 349 சிசியாக இருந்தால் வரி 36,000 ரூபாய். 398 சிசியாக இருந்தால் 80,000. இந்த 44,000 ரூபாயில் வண்டிக்கு ஒரு திருகாணிகூடக் கூடுதலாக வரவில்லை.

இன்சூரன்ஸிலும் அதே கோடுதான். புது வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய். அதற்கு மேல் 15,117 ரூபாய். இதற்கு வரி தனி. தமிழ்நாட்டில் லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள்கால சாலை வரி 12 சதவீதம். கொட்டேஷனின் கடைசி வரிகளில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'ஆக்சசரீஸ் கிட்' என்று சில ஆயிரங்கள் எழுதியிருந்தால், அவை கட்டாயமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் பேசிக் குறைக்கக்கூடிய தொகைகள்தான் அவை.

40 குதிரைத்திறன் எதற்கு?

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது குதிரைத்திறன். சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக, ஓட்டுபவரோடு சேர்த்து ஒரு பைக்குக்குப் பத்துக் குதிரைத்திறனுக்குள்ளேயே போதும். வேகம் ஏற ஏற, காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் படியில் கூடுகிறது. 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான். காற்றுக்கு மட்டும் வேண்டிய திறனோ மூன்று மடங்குக்கு மேல். கிளாசிக் 350-இன் 20 குதிரைத்திறன் ஏறக்குறைய அந்த வேகத்தோடு மூச்சுவாங்கி நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான்.

நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்ச வேகமே 80 கி.மீ. அப்படியிருக்க ஸ்பீட் 400-இன் 40 குதிரைத்திறனோ 390 டியூக்கின் 46-ஓ எங்கே வேலை செய்யும்? முக்கியமாக, முந்திச் செல்லும் அந்தச் சில விநாடிகளில். இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் 50-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் ஆள், பக்கத்தில் பை. எதிர்ப்பக்கம் காலியான நேரத்தில் திறன் குறைந்த வண்டி எதிர்த் தடத்தில் நீண்ட நேரம் ஊர்ந்துகொண்டிருக்கும். திறன் உள்ள வண்டி சட்டென்று முந்தி, தன் தடத்துக்கே திரும்பிவிடும். நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவருக்கு அது பாதுகாப்பு. அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் போகிறவருக்கு, வட்டி கட்டிச் சும்மா வைத்திருக்கும் திறன்.

மலையில் கணக்கு வேறு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறக்குறைய நின்று நின்றுதான் திரும்பும். அங்கே உச்சத் திறனைவிட, குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவிசை முக்கியம். கிளாசிக் 350 தன் முழு இழுவிசையான 27 நியூட்டன் மீட்டரையும் 4,000 சுழற்சியிலேயே கொடுத்துவிடுகிறது. ஸ்பீட் 400-க்கு 37.5 நியூட்டன் மீட்டர் உண்டு. ஆனால் அதன் உச்சம் 6,500 சுழற்சியில். முதல் வண்டியில் கியரைத் தொடாமல் முக்கி ஏறிவிடலாம். இரண்டாவதில் கியரைக் குறைத்து எஞ்சினைச் சுழற்றிவிட வேண்டும். அப்படி ஓட்டத் தெரிந்தவருக்கு அதுவே கொண்டாட்டம், தெரியாதவருக்கு வளைவுக்கு வளைவு தடுமாற்றம். காகிதத்தில் எண் பெரிதாக இருக்கும் வண்டி உங்கள் கைக்கு எளிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

பணம் உண்மையில் எங்கே வேலை செய்கிறது

எஞ்சினைத் தள்ளிவைத்துவிட்டுச் சக்கரத்துக்கு அருகே குனிந்து பாருங்கள். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் விலை குறைந்த பல வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும். பிரீமியம் வண்டிகளில் பொதுவாக இரண்டு சக்கரத்துக்கும் இருக்கும். மழை பெய்த சாலையில் நாய் குறுக்கே வரும்போது பின்சக்கரம் வழுக்கிப் பக்கவாட்டில் போகாமலிருப்பது இதனால்தான். சில வண்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், வளைவில் வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தை அறிந்து பிரேக் அழுத்தத்தைத் திருத்தும் ஏபிஎஸ் வந்துவிட்டது.

நல்ல ரேடியல் டயர், குழியில் குதிக்காத சஸ்பென்ஷன், கிளட்ச்சை லேசாக்கும் ஸ்லிப் அசிஸ்ட், 300 கி.மீ. ஓட்டியும் கை மரத்துப் போகாத அதிர்வு குறைந்த எஞ்சின் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். பிரேக்கும் டயரும் நகரத்தில் ஓட்டுபவருக்கும் தினமும் உதவும். மற்றவை நீண்ட தூரம் போகிறவருக்கு மட்டும். டிஎஃப்டி திரை, புளூடூத், நான்கு ரைடிங் மோடு போன்றவை முதல் மாதத்தில் பெருமை. அதற்குப் பிறகு பெரும்பாலானோர் ஒரே மோடில்தான் ஓட்டுகிறார்கள்.

வாங்கிய பிறகு வரும் செலவு

ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 60 கொடுக்கும் வண்டிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 16,700 ரூபாய். 28 கொடுக்கும் வண்டிக்கு 35,700. வித்தியாசம் மாதம் 1,600 ரூபாய். இதை மட்டும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் டயர் வரும். அகலமான பின்பக்க ரேடியல் டயர், சாதாரணப் பைக்கின் டயரைவிடப் பல மடங்கு விலை. பிடிமானத்துக்காக ரப்பர் மென்மையாக இருப்பதால் தேய்வதும் சீக்கிரம். செயின் செட், பிரேக் பேட், உடைந்தால் மாற்றும் ஹெட்லைட் எல்லாமே அந்தக் கணக்குத்தான்.

சர்வீஸ் இடைவெளி இதற்கு ஓரளவு ஈடு கட்டும். ஸ்பீட் 400-க்கு 16,000 கி.மீ.க்கு ஒருமுறை என்று நிறுவனம் சொல்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். தேனியிலோ திருவாரூரிலோ இருப்பவர், ஒரு கிளட்ச் கேபிளுக்காக அடுத்த மாவட்டத்துக்குப் போக நேரலாம். நிறுவனமே விலகிப் போவதும் உண்டு. 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் தன் நேரடி விற்பனையையும் உற்பத்தியையும் நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஹீரோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் வந்ததால் வண்டி வைத்திருந்தவர்கள் அனாதையாகவில்லை. ஆனாலும் இடையில் பழைய டீலர்களும் வாடிக்கையாளர்களும் பட்ட பதற்றம் கொஞ்சமல்ல.

தேய்மானமும் உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் அட்டவணைப்படி இரண்டாவது ஆண்டில் 20 சதவீதமும், மூன்றாவது ஆண்டில் 30 சதவீதமும், ஐந்தாவது ஆண்டில் 50 சதவீதமும் கழித்துவிடுகிறார்கள். சந்தை விலை இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். அதிக விலை வண்டியில் இந்தச் சதவீதம் ரூபாயாக மாறும்போதுதான் வலி தெரியும்.

யாருக்கு எது?

*தினமும் அலுவலகம் போகிறவர்:* ஒரு நாளைக்கு 20, 30 கி.மீ. நகர ஓட்டம் மட்டும் என்றால் இந்த வகை வண்டி பணத்துக்கு ஏற்ற பயனைத் தராது. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சூடு தொடையில் அடிக்கும். 195 கிலோ கிளாசிக்கை நெரிசலான பார்க்கிங்கில் பின்னுக்குத் தள்ளுவது தினசரி உடற்பயிற்சி. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள 150, 160 சிசி வண்டி போதும்.

*குடும்பத்தோடு போகிறவர்:* முடிவெடுக்க வேண்டியவர் பின்னால் உட்காருபவர். டெஸ்ட் ரைடுக்கு அவரையும் அழைத்துப் போங்கள். ஸ்போர்ட்ஸ் வகையின் குட்டிப் பின்சீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகும் அவர் சம்மதித்தால்தான் அந்த வண்டி. அகலமான சீட்டுள்ள 350 வகை இங்கே காசுக்குப் பழுதில்லை.

*மாதம் ஒருமுறையாவது ஏலகிரியோ வால்பாறையோ போகிறவர்:* இவருக்குத்தான் இந்த விலை உண்மையில் வேலை செய்கிறது. முந்தும் திறன், பிரேக், சீட், பெரிய டேங்க் எல்லாமே பயன்பாட்டில் இருக்கும். வேகம் பெரிதில்லை என்றால் வரிச் சலுகை உள்ள 350 சிசிக்குள் நின்றுகொள்ளலாம். கரடுமுரடான பாதை என்றால் 17 லிட்டர் டேங்க் உள்ள ஹிமாலயன் போன்றது பொருந்தும்.

*முதல் வண்டியாகவே 390 கேட்கும் பிள்ளை:* லைசென்ஸ் எடுத்த மறுநாள் 46 குதிரைத்திறனைக் கையில் கொடுப்பது பணப் பிரச்சினை மட்டுமல்ல. ஓரிரு ஆண்டு 150 அல்லது 200 சிசியில் கை பழகட்டும். வேகம்தான் ஆசை என்றால் அதற்குச் சரியான இடம் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் உள்ள பந்தயத் தடங்கள். அங்கே பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன.

*பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறவர்:* அதுவும் நியாயமான காரணமே. கடன் இல்லாமலோ, மாதத் தவணை நெருக்காமலோ வாங்க முடிந்தால் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தவணைக்காகக் காப்பீட்டையும் ஹெல்மெட்டையும் மலிவாக முடிக்க வேண்டியிருந்தால் மட்டும் ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள்.

இன்னமும் முடிவு வரவில்லையென்றால், இரண்டு மூன்று வயதான அதே வண்டியைப் பாருங்கள். முதல் உரிமையாளர் வரியையும் தேய்மானத்தின் பெரும் பகுதியையும் ஏற்கெனவே கட்டிவிட்டார். சர்வீஸ் பதிவு, காப்பீட்டு உரிமைக் கோரிக்கை வரலாறு, முன்ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, டயரின் தயாரிப்புத் தேதி ஆகியவற்றைச் சரிபார்த்து வாங்கினால், மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் வாங்கலாம். வண்டி எந்த வகையாக இருந்தாலும் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள்.